பெண்ணை பெருகிய நாள்

தை மாதம் ஐந்தாம் நாள் விழுப்புரத்திற்குத் தெற்கே பிடாகம் பாலத்தின்மீது நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறக்க மாட்டார்கள். கீழே தென்பெண்ணையாறு கிடக்கும். ஓடும் என்று நான் சொல்லவில்லை, கிடக்கும். ஒரு கரையிலிருந்து மறு கரை வரையில் மணல். நடுவே எங்கேனும் ஒரு கால்வாய் அளவுக்கு நீர். அந்த மணல் முழுவதும் மக்கள் கூட்டம். சுற்றியுள்ள ஊர்களின் தெய்வங்கள் எல்லாம் பல்லக்கிலும் மாட்டு வண்டியிலும், இக்காலத்தில் டிராக்டரிலும், ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டு திரும்பும். ஆற்றுத் திருவிழா என்று இதனைச் சொல்வோம். சுருளிக்கிழங்கும் கரும்பும் விற்பார்கள். குழந்தைகள் மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடுவார்கள். நானும் தோண்டியவன்தான்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையில் அதே இடத்தருகே நான் மீண்டும் நின்றேன். மணல் இல்லை. கரைக்குக் கரை செம்மண் நிறத்து நீர், வேரோடு சாய்ந்த மரங்களையும் கூரைகளையும் இறந்த கால்நடைகளையும் சுமந்துகொண்டு சென்றது. ஓசை மிகுதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒரு கனத்த முணுமுணுப்புத்தான். கரையில் நின்ற மக்களும் அதிகம் பேசவில்லை. ஒருவர் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் குச்சி நீருக்குள் போயிற்று. அவர் இரண்டடி பின்வாங்கி மற்றொரு குச்சியை நட்டார்.

அவருக்கு அருகில் நின்ற உழவர் ஒருவர், என்னைப் பள்ளி ஆசிரியர் என அறிந்தவர், தம் கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டினார். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டுள்ளது என்பது செய்தி. “ஐயா, இது எங்க வீட்டுத் திண்ணைக்கு எத்தனை படி?” என்று அவர் கேட்டார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் கேள்வி கேட்டும் பதில் சொல்லியும் பழகியவன் நான். அவருக்கு என்னால் விடை கூற இயலவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

முதலில் அந்த மூன்று நாட்களில் நிகழ்ந்தவற்றை ஒழுங்குபடுத்திக் கொள்வோம். நவம்பர் 30ஆம் நாள் இரவு, ‘ஃபெஞ்சல்’ என்று பெயரிடப்பட்ட புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் விரைந்து உள்நாட்டுக்குள் சென்று வலுவிழப்பதே வழக்கம். இந்தப் புயலோ பல மணி நேரம் ஏறத்தாழ அசையாமல் நின்றுவிட்டது. டிசம்பர் 1ஆம் நாள் காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சில பருவங்களில் இரண்டு மாதத்திற்குப் போதுமான மழை ஒரே நாளில் கொட்டிவிட்டது. செஞ்சிப் பக்கத்தில் பிறந்து புதுச்சேரி வழியே கடலுக்குச் செல்லும் சங்கராபரணி என்னும் வராகநதி முதலில் பெருகியது. திண்டிவனம் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்தன. அன்றைய தினம் தெருக்களில் நின்றது எங்கள் மண்ணில் பெய்த எங்கள் மழை.

பிறகு, மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்த அந்தப் புயலின் எச்சம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். ஊத்தங்கரை எங்கே, விழுப்புரம் எங்கே! ஆயினும் ஊத்தங்கரைப் பக்கத்துப் பாம்பாறு தென்பெண்ணையில் கலக்கிறது; தென்பெண்ணை சாத்தனூர் அணைக்கு வருகிறது. அணை ஏற்கெனவே நிரம்பி இருந்தது. 2ஆம் நாள் விடியற்காலையில் நான் கூறிய அந்தப் பெருநீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரத்தில் மழை ஓய்ந்து, ‘அப்பாடா’ என்று மக்கள் மூச்சு விட்ட நேரத்தில் ஆறு ஏறத் தொடங்கியது. எங்கள் வெள்ளத்தின் தன்மையே இதுதான். தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும். காலடியில் நீர் ஏறும். மழையைப் பார்த்து ஆற்றை அளக்க முடியாது.

தென்பெண்ணை கருநாடக மாநிலத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. பெங்களூரின் புறத்தே ஓடி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, திருக்கோவலூர் வழியாக ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நடந்து கடலூருக்கு வடக்கே கடலை அடைகிறது. காவிரியோடு இதனை ஒப்பிடக் கூடாது. காவிரிக்குக் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை உண்டு. ஆடியில் அது பெருகும். பதினெட்டாம் பெருக்கு என்று நாள் குறித்து மக்கள் வழிபடலாம். பெண்ணை நாள் குறித்துப் பெருகுவதில்லை. ஐப்பசி, கார்த்திகைப் புயலையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. பல ஆண்டுகள் வெறும் மணலாய்க் கிடந்து, மக்கள் அதனை ஆறு என்பதையே மறந்த பின்பு ஓர் இரவில் வரும். மறதிக்கு இடம் கொடுக்கும் ஆறுதான் அச்சத்திற்கு உரியது.

இன்னொரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். பெண்ணையிலிருந்து பிரியும் ஒரு கிளைக்கு எம் முன்னோர் இட்ட பெயர் மலட்டாறு. நீரில்லாத மலட்டு ஆறு என்பது பொருள். அந்த டிசம்பர் 2ஆம் நாள் அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை மூடிப் பேருந்துகளையும் லாரிகளையும் நிறுத்தி வைத்தது வேறு எதுவுமன்று, அந்த மலட்டாறுதான்.

முன்னோர் ஆற்றை எவ்வாறு அளந்தனர்? திருக்கோவலூரில் ஆற்றின் நடுவே ஒரு பாறை உண்டு. கபிலர் குன்று என்பர். பாரி வள்ளல் மறைந்தபின் அவன் மகளிருக்கு வாழ்வு அமைத்துவிட்டுக் கபிலர் உயிர் துறந்த இடம் இது என்பது மரபு. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இச்செய்தியைக் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அக்கல் கபிலக்கல் எனப் பெயர் பெற்றுவிட்டது என்பதற்கு அது சான்று. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அங்கே இலக்கியம் பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் என் பாட்டனாருக்கு அந்தப் பாறை இலக்கியம் அன்று. ‘தண்ணீர் கபிலர் காலைத் தொட்டதா, இடுப்பைத் தொட்டதா’ என்றுதான் அவர் கேட்பார். மேற்கிலிருந்து வரும் வண்டிக்காரர்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, விடை பெற்று, எங்கள் பக்கத்துக் கரையில் எது வரை நீர் வரும் என்று அவர் சொல்லிவிடுவார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் மேலே உள்ள ஓர் அடையாளத்தையும் கீழே உள்ள ஓர் அடையாளத்தையும் இணைத்துப் பார்க்கும் அறிவு அவரிடம் இருந்தது. இக்காலப் பொறியாளர்கள் செய்வதும் அடிப்படையில் அதுவே.

உலகில் பிறரும் இவ்வாறு செய்தனர். எகிப்து நாட்டில் கெய்ரோ நகரத்தை ஒட்டிய ரோடா என்னும் தீவில் கி.பி. 861இல் கட்டிய நைல்மானி இன்றும் நிற்கிறது. கிணறு போன்ற ஓர் அமைப்பின் நடுவே முழக்கணக்குப் பொறித்த கல் தூண் ஒன்று உள்ளது. நைல் ஆற்று நீர் எத்தனை முழம் ஏறியது என்று பார்த்து அவ்வாண்டின் விளைவை மதிப்பிடுவர். வரியையும் அதனை ஒட்டியே விதிப்பர். நீர் குறைந்தால் பஞ்சம், மிகுந்தால் அழிவு. அங்கே தூணைப் பார்த்தவர் அரசு அலுவலர். இங்கே பாறையைப் பார்த்தவர் வண்டிக்காரர். ஆதலால் அங்கே கணக்கு ஏட்டில் நின்றது. இங்கே கிழவர்களோடு போயிற்று.

இனித் திண்டிவனத்திற்கு வருவோம். அவ்வூருக்குப் பேராறு இல்லை; ஏரியே அதன் வெள்ளம். ஊரின் ஒரு பகுதியாகிய கிடங்கல், சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்று. அங்கே ஏரியும் உண்டு. பழைய கோட்டையின் சிதைவும் உண்டு. தென்னார்க்காடு, செங்கற்பட்டுப் பக்கங்களில் ஏரிகள் தனித்தனியே இரா, சங்கிலியாகத் தொடுக்கப்பட்டிருக்கும். மேலேரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே நீர் வழிந்து கீழேரிக்குப் போகும். அது நிரம்பினால் அடுத்த ஏரிக்கு. இது அறிவு மிக்க அமைப்பு. ஆனால் அதற்கு ஒரு குறையும் உண்டு. மேலேரி உடைந்தால், அந்தப் பெருக்கைத் தாங்காமல் கீழேரியும் உடையும், பின்னர் அடுத்தது. ஆகவே ஓர் ஊரார் தம் கரையைக் காப்பது தமக்கு மட்டுமன்று, கீழே உள்ள ஏழு ஊர்களுக்கும் சேர்த்துத்தான்.

அடைமழை இரவுகளில் கரைமீது பந்தம் ஏந்தி ஆட்கள் நடப்பர். கரையில் நீர் கசியும் இடத்தை நண்டு வளையா, வேர் ஓட்டையா என்று பார்த்து, வைக்கோலும் மண்ணும் இட்டு அடைப்பர். மடையைத் திறக்க வெள்ளத்தில் மூழ்கும் ஆளுக்குத் தனி மானியம் இருந்தது. மடை திறப்பவனே மடையன். அந்த மதிப்பிற்குரிய பெயர்தான் பின்னாளில் வசைச்சொல் ஆயிற்று என்று இக்காலத்தில் மேடைதோறும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனினும் மடமை என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருக்க, அந்த வசைக்கு மடையைத் தேடிப் போக வேண்டுவதில்லை. அந்த ஆளின் துணிவு மெய், சொல்லாராய்ச்சி ஐயத்திற்குரியது. தேர்வில் இதனை எழுதிவிடாதீர்கள்.

இந்தக் கரைகாவல் மக்களின் மனமுவந்த கூட்டுப்பணி என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். குடிமராமத்து என்று பெயரும் சொல்கிறோம். வரலாறு அவ்வளவு இனிமையானது அன்று. 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஏரியோ ஆற்றுக் கரையோ உடையும் என்ற அச்சம் எழுந்தால், அவ்வூரில் உடல் வலுவுள்ள ஆண்களை அழைத்து வேலை வாங்கலாம் என்று அச்சட்டம் அதிகாரம் அளித்தது. யாரை? உழைக்கும் வகுப்பினரை என்று சட்டமே வரையறுத்தது. நிலம் உடையவரின் பயிரைக் காக்க, நிலம் இல்லாதவர் நள்ளிரவில் கூடையும் மண்வெட்டியும் எடுக்க வேண்டும். உடைப்பு ஏற்பட்டால் முதலில் மூழ்குவதும் பெரும்பாலும் அவர்கள் குடிசைகளே, ஏனெனில் பள்ளமான இடங்களே அவர்களுக்கு விடப்பட்டிருந்தன. வெள்ளத்தின் வரலாற்றைப் படிக்கும்போது மேடு யாருடையது, பள்ளம் யாருடையது என்று கேட்கப் பழகுங்கள். நிலப்படம் அதைச் சொல்லாது. ஊருக்குள் நடந்து பார்த்தால் தெரியும்.

எச்சரிக்கை கொண்டு சென்றவரும் அப்பள்ளத்தில் வாழ்ந்தவரே. ‘ஆற்றில் தண்ணீர் வருகிறது, ஆடுமாடுகளை ஓட்டுங்கள்’ என்று பறையறைந்து தெருத்தெருவாகச் சொல்லிப் போனவருக்கு, தம் வீட்டுக்கு ஓடி மூட்டை கட்ட நேரம் மிச்சம் இருந்ததா என்று யாரும் குறித்து வைக்கவில்லை. தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியது. அது சரியான செயல். முன்னரே நிகழ்ந்திருக்க வேண்டும். இப்பொழுது ஒலிபெருக்கி கட்டிய ஊர்தி வருகிறது. கைப்பேசியில் செய்தி வருகிறது. வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தால் எச்சரிக்கிறது. ஆயினும் பறையறைந்தவர் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்றார். எவர் வீட்டில் நடக்க இயலாத கிழவி இருக்கிறாள் என்பதை அறிந்திருந்தார். டிசம்பர் 1ஆம் நாள் இரவு எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. என் கைப்பேசி அணைந்துவிட்டது. பழைய பாட்டரி வானொலிப் பெட்டி ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. வானொலி நிலையத்தில் நின்று வானொலியைப் புகழ்வதாக எண்ணாதீர்கள், நிகழ்ந்ததைச் சொல்கிறேன்.

எச்சரிக்கை ஆற்றைவிட வேகமாகச் செல்ல வேண்டும். இந்த எளிய உண்மையை நம் நாடு ஒரு பெருந்துயரத்தின் வாயிலாகக் கற்றது. சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி செல்லும் விரைவு வண்டி 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22ஆம் நாள் இரவு வழக்கம்போலத் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து தெற்கே சென்றது. மறுநாள் 23ஆம் நாள் விடியற்காலையில் அரியலூருக்கு அப்பால் மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. ஆறு பெருகிப் பாலத்தின் கரைத்தாங்கலை அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் அருகே நிகழ்ந்த விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் அவர் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை அது ஏற்கப்பட்டது. பாடப்புத்தகங்கள் சாஸ்திரியின் பண்பைச் சொல்லி நிறுத்திவிடுகின்றன. நான் கேட்பது வேறு: அந்த இரவு ஆறு ஏறுவதைப் பார்த்துச் சிவப்பு விளக்குக் காட்டப் பாலத்தருகே ஓர் ஆள் நின்றிருந்தால்?

2024 டிசம்பர் 2ஆம் நாள் காலையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலம் ஒன்றில் நீர் அபாய அளவைக் கடந்தது. வண்டிகள் நிறுத்தப்பட்டன, சில காட்பாடி வழியே திருப்பிவிடப்பட்டன. பயணிகள் சலித்துக்கொண்டனர்; நாளேடுகளில் அது சிறு செய்தி. பாலத்தில் வெள்ளைச் சாயம் பூசி எழுதிய அபாய அளவுக் கோடும், அதனைப் பார்த்த ஒரு மனிதரும், அவர் சொல்லைக் கேட்டு வண்டியை நிறுத்திய ஒரு நிலையமும் அன்று இருந்தமையால் அது சிறு செய்தியாகவே முடிந்தது. நிகழாத விபத்துக்கு வரலாற்றில் இடம் கிடைப்பதில்லை.

இனி அணைகளுக்கு வருவோம். நாடு விடுதலை பெற்ற பத்தாண்டுகளில் தென்பெண்ணை முற்றிலும் வேறோர் ஆறாக மாறிற்று. எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டு 1950ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. கிருஷ்ணகிரி அணை 1957இலும், சாத்தனூர் அணை 1958இலும் முடிந்தன. சங்கராபரணியின் நீரைத் தேக்க மயிலத்திற்கு அருகே வீடூர் அணை 1959இல் பயன்பாட்டுக்கு வந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்கும் அது நீர் தருகிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. இந்த அணைகள் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தன; அதனை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் இந்த அணைகளால் மற்றொன்றும் மாறியது. அணைக்கு முன், வெள்ளம் வருவதை ஆறே சொல்லிற்று. நீர் கலங்கும், நுரை மிதக்கும், படிப்படியாக ஏறும். அணைக்குப் பின், சொல்லுவது ஓர் அலுவலகம். சிறு வெள்ளங்களை அணை விழுங்கிவிடுகிறது. அதனால் மக்கள் ஆற்றைப் பார்க்கும் பழக்கத்தையே விட்டார்கள். ஆற்றுக்குள் பயிரிட்டார்கள், கரையோரம் வீடு கட்டினார்கள், மணலை அள்ளினார்கள். பின்பு ஒரு பெருவெள்ளம் அணையையும் மிஞ்சி வரும்போது அது படிப்படியாக வருவதில்லை. கதவுகள் திறக்கும் வேகத்தில் வருகிறது.

1,68,000 கனஅடி என்றால் என்ன? ஒரு கனஅடி ஏறத்தாழ 28 லிட்டர். ஆகவே விநாடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். இதுவும் மனத்தில் பதியாது. வேறுவிதமாகக் கணக்கிடுவோம். ஒரு மணிக்கு 3,600 விநாடி. 1,68,000ஐ 3,600ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 605 மில்லியன் கனஅடி வரும். நான் சொன்ன வீடூர் அணையின் முழுக் கொள்ளளவும் 605 மில்லியன் கனஅடிதான். அதாவது அந்த விடியற்காலையில் தென்பெண்ணையில் வந்த நீர், வெறுமையாய் இருக்கும் வீடூர் அணையை ஒரே மணி நேரத்தில் நிரப்பிவிடும். 119 அடி உயரமுள்ள சாத்தனூர் அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி. மேலிருந்து வரத்து ஏதும் இல்லாமல் அதே வேகத்தில் திறந்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் அந்த அணை காலியாகிவிடும். இப்பொழுது அந்த எண்ணின் பருமன் தெரிகிறதல்லவா?

ஆயினும் பிடாகத்து உழவர் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஏனெனில் கனஅடி என்பது நீரின் அளவே அன்றி நீரின் உயரம் அன்று. அதே நீர், ஆறு அகன்ற இடத்தில் முழங்கால் அளவு ஏறும். வளைந்து குறுகிய இடத்தில் பனை மரத்தின் பாதி வரை ஏறும். மணல் அள்ளிய பள்ளம், கருவேல மரங்கள் அடர்ந்த படுகை, பாதியில் நிற்கும் சுவர் ஆகிய ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும். மத்திய நீர்வள ஆணையம் விழுப்புரத்தருகே தென்பெண்ணையில் நீர்மட்டத்தை அளக்கிறது. ஆனால் அளவுகோல் நிற்கும் இடத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வீட்டுத் திண்ணைக்கும் இடையே உள்ள தொடர்பை யார் கண்டுபிடித்துச் சொல்வது?

அந்த மாதம் சட்டமன்றத்தில் இதைப் பற்றி வாதம் நிகழ்ந்தது. முன்னறிவிப்பு இன்றி அணை திறக்கப்பட்டது என்று எதிர்க்கட்சியினர் குற்றம் சாட்டினர். படிப்படியாகவே திறந்தோம், பலமுறை எச்சரித்தோம் என்று அரசு விடை கூறியது. நான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் கரையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எச்சரிக்கை அனுப்பப்பட்டது என்பதும், எச்சரிக்கை புரிந்தது என்பதும் இரு வேறு செய்திகள். அந்த உழவர் கையில் எச்சரிக்கை இருந்தது. அதை அவர் படிக்கவும் செய்தார். திண்ணை மூழ்குமா என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கட்டியவை நிற்கும் என்ற நம்பிக்கையும் இங்கே அடிக்கடி இடிந்திருக்கிறது. தளவானூரில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 2020இல் திறந்த தடுப்பணையின் ஒரு பக்கம் 2021 ஜனவரியில் உடைந்தது. அவ்வாண்டு நவம்பர் வெள்ளம் மறு பக்கத்தையும் பதம் பார்த்தது. அதே நவம்பரில் எழுபது ஆண்டுப் பழமையுடைய எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டும் சேதமுற்றது. நீர் கரையை அரித்து ஊருக்குள் பாயாதிருக்க, அதன் சுவரை வெடி வைத்துத் தகர்க்க நேர்ந்தது. 2024 வெள்ளத்தில் திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் 16 கோடி ரூபாயில் எழுப்பிய பாலம், திறந்து மூன்று மாதங்களில் ஆற்றோடு போயிற்று. பழையதும் போகிறது, புதியதும் போகிறது. கட்டியவரைக் குறை கூறுவது எளிது. பலவிடங்களில் அது நியாயமும்கூட. ஆனால் இத்தனைக்கும் பொதுவான கேள்வி, ஆறு எவ்வளவு உயரம் வரும் என்று எந்த நினைவைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பதே.

ஜப்பான் நாட்டில் அனேயோஷி என்று ஒரு சிற்றூர் உண்டு. 1933ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அவ்வூர் அழிந்தது. எஞ்சியவர்கள் மலைச்சரிவில் ஒரு கல்லை நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று பொறித்தார்கள். 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மீண்டும் பேரலை வந்தது. அக்கல்லுக்குக் கீழே சிறிது தொலைவில் அது நின்றது. கல்லுக்கு மேலே இருந்த வீடுகள் தப்பின. நம்மிடம் கல் நடும் மரபுக்குக் குறைவா? போரில் இறந்தவனுக்கு நட்டோம்; புலியோடு பொருதவனுக்கு நட்டோம்; ஆநிரை மீட்டவனுக்கு நட்டோம். வெள்ளம் நின்ற இடத்தில் நட்டோமா என்று தேடினேன். என் மாவட்டத்தில் என் கண்ணில் பட்டவை மிகச் சில. அவையும் கோயில் மதில்களில் யாரோ உளியால் கீறிய கோடுகள்.

வெள்ளம் வடிந்து மூன்று வாரம் கழித்து, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சென்றேன். அளவு நாடாவும் சாயக் கிண்ணமும் உடன் கொண்டு சென்றோம். ஒவ்வொரு சுவரிலும் சேற்றுக் கறை ஒரு நேர்கோடாகப் படிந்திருந்தது. மாணவர்கள் தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து, குறிப்பேட்டில் எழுதி, சிவப்புச் சாயத்தால் கோடு இழுத்து நாளையும் ஆண்டையும் எழுதினார்கள். வேலை ஒழுங்காக நடந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

நான்காவது வீட்டில் ஒரு மூதாட்டி வாசலில் உட்கார்ந்து, நனைந்த நெல்லை உலர்த்திக்கொண்டிருந்தார். எங்களைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, “தம்பி, அது தண்ணி நின்ன கோடு. தண்ணி வந்த கோடு அது இல்ல” என்றார். மாணவன் திகைத்து என்னைப் பார்த்தான். நான் அவரிடம் விளக்கம் கேட்டேன். நீர் இரண்டு நாள் தேங்கி நின்ற உயரத்தில்தான் சேறு படிந்தது. முதலில் இருட்டில் அடித்து வந்த நீர் அதற்கும் மேலே ஏறிச் சிறிது நேரத்தில் இறங்கிவிட்டது. அது கறை விடவில்லை. பேரக்குழந்தையைப் பரண்மீது ஏற்றிவிட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். எழுந்து வந்து தம் தோளைச் சுவரோடு சேர்த்து நின்று காட்டினார். எங்கள் சிவப்புக் கோட்டுக்கும் அவர் தோளுக்கும் இடையே ஒரு சாண் இருந்தது.

மாணவன் சாயக் கிண்ணத்தைத் திறந்தான். பழைய கோட்டை அழிக்கவில்லை. அதற்கு ஒரு சாண் மேலே இரண்டாவது கோட்டை இழுத்தான். பிறகு முதல் மூன்று வீடுகளுக்கும் திரும்பிப் போய், அங்கே அன்றிரவு விழித்திருந்தவர் யார் யார் என்று கேட்கத் தொடங்கினோம்.